கண்மாய்க்கு ஏன் தண்ணீர் வரவில்லை? அரசு வரைபடங்களை வைத்து விடை தேட ஒரு வழிகாட்டி

பல கிராம சபைகளில் நீர்நிலை பற்றிய தீர்மானம் ஒரே வரியில் முடிந்துவிடும்: ‘நமது கண்மாயையும் வரத்துக்கால்களையும் தூர்வாரித் தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ அந்த வரி வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போகும். எந்த வாய்க்கால், எந்த இடத்திலிருந்து எதுவரை, எந்தத் துறையின் பொறுப்பு என்ற கேள்விகள் அங்கே எழும். பதில் சொல்ல ஆளில்லாமல் கோப்பு அலமாரிக்குப் போய்விடும்.

அந்தக் கேள்விகளுக்கான பதிலில் பெரும்பகுதி அரசிடமே இருக்கிறது. அதுவும் பூட்டி வைக்கப்படாமல், வீட்டிலிருந்தே பார்க்கும்படி இருக்கிறது. வருவாய்த் துறையின் அ-பதிவேடும் (ஒவ்வொரு நிலத்தின் விவரமும் எழுதிய பதிவேடு) புலப்படமும் (அந்த நிலத்தின் அளவைப் படம்), மாநிலப் புவியியல் தகவல் அமைப்பின் வரைபடமும், இஸ்ரோவின் புவன் தளமும், இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களும் தனித்தனியே கிடக்கின்றன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, ஊராட்சி முடிவெடுக்கத் தோதான ஒரு தாளாக மாற்றுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். கூகுள் மேப்பில் வழி பார்த்ததைத் தவிர வேறு வரைபட அனுபவம் இல்லாதவர்களுக்காக எழுதுவது இது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சாலை, பள்ளி, சுடுகாட்டுப் பாதை, குடிநீர்த் தொட்டி எதற்கும் முறை ஏறக்குறைய இதுதான்.

முதலில் கேள்வி, பிறகுதான் வரைபடம்

புதிதாக வருகிறவர்கள் கிடைக்கிற தரவையெல்லாம் இறக்கி, வண்ண வண்ணமாக அடுக்கிவிட்டு, ‘இதில் என்ன தெரிகிறது?’ என்று பார்க்கத் தொடங்குவார்கள். அழகான படம் கிடைக்கும், முடிவு கிடைக்காது. ஊராட்சி எடுக்கவேண்டிய முடிவு என்ன என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ‘வரத்துக்காலில் எந்தப் பகுதியை இந்த ஆண்டு சரிசெய்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வரும்?’ என்பது நல்ல கேள்வி. ‘எங்கள் ஊர் நீர்வளம் எப்படி இருக்கிறது?’ என்பது கட்டுரைத் தலைப்பு.

கேள்வியை எழுதியதும் அதற்கு யார் பதில் சொல்லவேண்டும் என்பதையும் அருகில் எழுதுங்கள். பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு (பாசனம் பெறும் நிலத்துக்கு) குறைவான கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. 2021-இல் அது பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து தனித்துறை ஆகிவிட்டாலும் ஊரில் இன்னும் ‘பி.டபிள்யூ.டி. கண்மாய்’ என்றுதான் சொல்வார்கள். கண்மாய் ஒரு துறையிடம் இருக்கும், அதற்கு வரும் வாய்க்கால் வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்காக இருக்கும், குறுக்கே போகும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். இது தெரியாமல் ஒரே மனுவை ஒரே அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

ஊர் எல்லை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டாவது வேலை, எல்லையைத் தீர்மானிப்பது. வருவாய்த் துறைக்கு ஊர் என்றால் வருவாய்க் கிராமம். உள்ளாட்சிக்கு ஊர் என்றால் ஊராட்சி. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் இருக்கலாம். ஒரே வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளுக்குப் பிரிந்தும் கிடக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தை ஒட்டிப் போகும். நிலத்தடி நீர் மதிப்பீடு வட்டம் அல்லது அதன் உட்பிரிவான பிர்கா அளவில் வரும். தண்ணீரோ இந்த எல்லை எதையும் மதிக்காது. வரத்துக்கால் பக்கத்து ஊராட்சியில், சில சமயம் பக்கத்து வட்டத்தில்தான் தொடங்கும்.

ஆகவே தரவு தேடும்போது கண்மாயின் நீர்ப்பிடிப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் எழுதும்போது மட்டும் ஊராட்சி எல்லைக்குள் வாருங்கள்.

பெயர்க் குழப்பம் இன்னொரு தொல்லை. ஒரே ஊரின் பெயரை ஒரு பட்டியலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ‘புதுக்குளம்’, ‘புதூர்’ போன்ற பெயர்கள் ஒரே மாவட்டத்தில் பலமுறை வரும். பெயரை வைத்து இரண்டு பட்டியல்களைச் சேர்க்காதீர்கள். மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் தனிக் குறியீட்டு எண் உண்டு. கணக்கெடுப்பிலும் கிராமத்துக்கு எண் உண்டு. அந்த எண்களைத் தேடி முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால் பிறகு தலைவலி இல்லை.

எங்கே என்ன கிடைக்கும்

தமிழக அரசின் நில ஆவண இணையச் சேவைத் தளம்தான் தொடக்கம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே எண்) கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். புலப்படமும் அங்கேயே பார்க்கலாம். கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைப் போட்டால் போதும், கட்டணம் இல்லை. ஒரு நிலம் புறம்போக்கா என்று சரிபார்க்கத் தனிப் பகுதியும் உண்டு. தளத்தின் தோற்றம் அவ்வப்போது மாறும். உள்ளே இருக்கும் சரக்கு இதுதான்.

புல எண் தெரியாது, இடம் மட்டும் தெரியும் என்றால் தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பின் வரைபடத் தளத்துக்குப் போங்கள். அங்கே வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டால் அந்த நிலத்தின் சர்வே எண்ணும் உட்பிரிவும் கிடைக்கும். நாம் செய்யப்போகும் வேலைக்கு மிகவும் உதவும் இடம் இதுதான் என்பேன்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களை இணையத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம். 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலையை ஒட்டி அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணி அந்தத் துறையின் வரலாற்றில் முக்கியமான அத்தியாயம். ஆனால் அதன் வரைபடங்கள் பாதுகாப்புக் காரணம் சொல்லி வெகுகாலம் கட்டுப்பாட்டில் இருந்தன. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகளும் 2022 டிசம்பரில் வந்த தேசியப் புவிசார் கொள்கையும் கதவை நன்றாகத் திறந்துவிட்டன. இந்தத் தாள்களில் கண்மாய்க் கரையோரம் சிறிய எண்ணும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்து நிற்கும். 3 என்று இருந்தால், சுற்றியுள்ள தரையிலிருந்து கரை 3 மீட்டர் உயரம் என்று பொருள். இப்படிப்பட்ட சின்னக் குறிகளைப் படிக்கப் பழகினால் தாள் நிறையப் பேசும்.

இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் நடத்தும் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. நிலப் பயன்பாடு, தரை உயரம், செயற்கைக்கோள் படம் எல்லாம் அதில் உண்டு. மத்திய ஜல்சக்தி அமைச்சகம் நடத்திய முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பின் முடிவு 2023-இல் வெளியானது. நாடு முழுவதும் 24 லட்சத்துக்கு மேல், தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் நீர்நிலைகளை அதில் எண்ணியிருக்கிறார்கள். உங்கள் ஊர் கண்மாய் பயன்பாட்டில் உள்ளதா இல்லையா என்று அதில் எப்படிக் குறித்திருக்கிறார்கள் எனப் பார்ப்பது சுவாரசியமான காரியம்.

அரசுத் தரவுக்கு வெளியே இரண்டு துணைகள் வேண்டும். பழைய படங்களைப் பார்க்கக் கூகுள் எர்த் ப்ரோ. எல்லாவற்றையும் அடுக்கிப் பார்க்க க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள். இந்த வேலைக்குக் காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை.

அ-பதிவேட்டைப் படிப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் அலுவலகத்தில் எடுபடும் ஆதாரம் இதுதான். செயற்கைக்கோள் படத்தில் நீல நிறம் இருந்தது, பச்சை ஆனது என்று வட்டாட்சியரிடம் போய்ச் சொன்னால் கேட்டுக்கொள்வார். ‘சர்வே எண் 112, உட்பிரிவு 3, அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு’ என்று சொன்னால் பதிவேட்டை எடுக்கச் சொல்வார். (எண் உதாரணத்துக்குத்தான்.) நீங்கள் செய்யும் வேலை அனைத்தும் கடைசியில் சர்வே எண்களின் பட்டியலாக இறங்கவேண்டும்.

பதிவேட்டில் புல எண், உட்பிரிவு, பழைய எண், அரசு நிலமா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), நஞ்சையா புஞ்சையா, பரப்பு, பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்பு என்று வரிசையாகப் போகும். நமக்கு வேண்டியது அந்தக் குறிப்புப் பத்தி. ‘கண்மாய்’, ‘வாய்க்கால்’, ‘ஓடை’, ‘பாதை’, ‘மேய்க்கால்’ என்று அங்கேதான் எழுதியிருக்கும்.

பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். 0-24.50 என்று இருந்தால் இருபத்து நாலரை சென்ட் என்று நினைத்துவிடுகிறார்கள். அது 24.50 ஏர்ஸ். ஓர் ஏர்ஸ் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஆக அந்த நிலம் ஏறத்தாழ அறுபதரை சென்ட். கிராம சபையில் இந்த ஒரு கணக்கில் தடுமாறினால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

பழைய எண் பத்தியை விட்டுவிடாதீர்கள். 1980களை ஒட்டி நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர் வழக்கில் யுடிஆரில், எண்களும் உட்பிரிவுகளும் பெயர்களும் பல இடங்களில் மாறின. அதில் வந்த தவறுகளைத் திருத்தக் கேட்டு இன்றுவரை மனுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இப்போதைய பதிவேட்டில் பட்டா நிலமாக இருப்பது அதற்கு முந்தைய பதிவேட்டில் ஓடையாக இருந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் பழைய பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எப்படிக் கேட்பது என்பது கடைசியில் வருகிறது.

அடுக்கிப் பார்ப்பது

க்யூஜிஐஎஸ்ஸை நிறுவி, புதிய திட்டக் கோப்பைத் திறந்து, முதல் வேலையாக அளவு முறையை, அதாவது இடங்களை மீட்டர் கணக்கில் குறிக்கும் முறையைச் சரிசெய்யுங்கள். தீர்க்கரேகை 78 பாகைக்குக் கிழக்கே இருக்கும் ஊர்களுக்கு யுடிஎம் 44 வடக்கு மண்டலம். மென்பொருளில் 32644 என்ற எண்ணைத் தேடினால் வந்துவிடும். சென்னை, திருச்சி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் இதில் அடங்கும். கோவை, ஈரோடு, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகியவை 78-க்கு மேற்கே இருப்பதால் 43 வடக்கு, எண் 32643. இதைச் செய்யாமல் விட்டால் பரப்பைக் கேட்கும்போது சதுர மீட்டருக்குப் பதில் அர்த்தமில்லாத ஒரு பின்னம் வந்து நிற்கலாம்.

அடுத்து அடிப்படம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் மென்பொருளோடே வரும். அதன்மேல் நில அளவைத் துறையின் தாளை வையுங்கள். கண்மாய்க் கரை, மறுகால் (உபரி நீர்) போகும் பாதை, வரத்துக்கால், ஓடைகள் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காகக் கோடு வரைந்து எடுங்கள். ஒவ்வொரு கோட்டின் விவரப் பட்டியலிலும் ‘எதிலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு’ என்று இரண்டு பத்திகள் கட்டாயம் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் ‘இந்தக் கோடு எங்கிருந்து வந்தது தம்பி?’ என்று கேட்பார். அப்போது தெரியும் அதன் அருமை.

கிராம வரைபடம் காகிதமாகக் கிடைத்தால் ஸ்கேன் செய்து, மென்பொருளில் உள்ள இடப்பொருத்தும் கருவியால் அதை உரிய இடத்தில் உட்கார வைக்கலாம். காகிதத்தில் ஒரு புள்ளி, செயற்கைக்கோள் படத்தில் அதே புள்ளி என்று ஜோடி ஜோடியாகக் காட்டவேண்டும். நல்ல புள்ளிகள் எவை? பழைய கோயில், கண்மாய்க் கரையின் இரு முனைகள், கல் கட்டிய கிணறு, மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்துக் கல். மரம், வேலி, மண் பாதையின் வளைவு ஆகியவை வேண்டாம், அவை நகர்ந்திருக்கும். புள்ளிகளை ஒரு மூலையில் குவிக்காமல் நாலு பக்கமும் பரப்பி எடுங்கள். முடிந்ததும் மென்பொருள் சராசரிப் பிழை எவ்வளவு என்று காட்டும். அது 10 மீட்டர் என்றால், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ‘வாய்க்காலை 3 மீட்டர் ஆக்கிரமித்துவிட்டார்கள்’ என்று பேசக் கூடாது. அந்தப் படம் எங்கே போய் அளக்கவேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

தரை உயரத் தரவு விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் ஒரு கட்டம் பெரும்பாலும் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட் நிலத்துக்கு ஒரே ஓர் உயர எண். அந்த எண்ணிலும் சில மீட்டர் பிழை இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இது நன்றாக வேலை செய்யும். சிவகங்கைச் சமவெளியிலோ தஞ்சை வயல்களிலோ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவே பெரிது. அங்கே இதை வைத்துத் தண்ணீர் இப்படித்தான் ஓடும் என்று அம்புக்குறி போட்டால் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது.

தரவுகள் முரண்படும்போது

எல்லா அடுக்கும் ஒன்றுபோல் பொருந்தினால் உங்களுக்கு வேலையே இல்லை. பொருந்தாத இடங்கள்தான் நமக்கு வேண்டியவை. அ-பதிவேட்டில் வாய்க்கால், படத்தில் உழுத வயல். நில அளவைத் தாளில் ஓடை, பதிவேட்டில் பட்டா. நீர்நிலைக் கணக்கெடுப்பில் ‘பயன்பாட்டில் உள்ளது’, புவனில் புதர்க்காடு. இப்படி ஒவ்வொரு முரணையும் ஒரு புள்ளியாகக் குறித்து எண் கொடுங்கள்.

ஆனால் முரண்பாடு எல்லாமே ஆக்கிரமிப்பு ஆகிவிடாது. நம் பக்கத்தில் அடிக்கடி ஏமாற்றுவது சீமைக்கருவேலம். கண்மாய்க்குள் அது மண்டிக் கிடந்தால் செயற்கைக்கோள் கண்ணுக்குப் பச்சைப் பசேல் என்று தெரியும். நீர்நிலையைக் காடு அல்லது புதர் என்று வகைப்படுத்திவிடும். கண்மாய் எங்கும் போகவில்லை, அந்தக் கருவேல மரங்களுக்குக் கீழே இருக்கிறது. இன்னொன்று பருவம். இங்கே கண்மாய் நிறைவது வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2005 டிசம்பர் படத்தையும் 2020 மே மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘காணாமல் போன கண்மாய்’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் உண்டு. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிடுங்கள். அந்தந்த ஆண்டு மழை எப்படி என்பதையும் பாருங்கள்.

வரத்துக்கால்கள் பலவும் மூன்று நான்கு மீட்டர் அகலம்தான். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களில் நல்லதான சென்டினல்-2இன் ஒரு கட்டமே 10 மீட்டர். வாய்க்கால் அதில் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது. அதற்குத்தான் அடுத்த வேலை.

நடந்து பார்ப்பது

முரண்பாட்டுப் புள்ளிகளை ஒரு கோப்பாகக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். கியூஃபீல்டு போன்ற இலவசச் செயலிகள் க்யூஜிஐஎஸ் கோப்பை அப்படியே திறக்கும். திறந்த வெளியில் சாதாரணக் கைப்பேசி ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் தரும். மரத்தடியில் அது கெட்டுப்போகும்.

தனியாகப் போகவேண்டாம். ஊரில் நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிய ஒருவர் இருப்பார், அல்லது அவர் மகன் இருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு கலுங்கிலிருந்து (கண்மாயின் உபரி நீர் வழியும் இடத்திலிருந்து) தொடங்காமல், வாய்க்கால் தலைப்பிலிருந்து கீழ்நோக்கி நடந்து வாருங்கள். ‘ஐயா, இங்க ஏன் வாய்க்கா திரும்புது?’ என்று கேட்டால் பதிவேட்டில் இல்லாத வரலாறு வரும். இந்தச் சாலை போடும்போது குழாய்ப் பாலத்தை உயரமாக வைத்துவிட்டார்கள், அதிலிருந்து தண்ணீர் ஏறுவதில்லை என்பார். ஆக்கிரமிப்பைத் தேடிப் போன இடத்தில் பிரச்சினை ஒரு சிமெண்ட் குழாயாக இருப்பது சாதாரணம். அதைச் சரிசெய்ய யாரையும் காலி செய்யவேண்டியதில்லை, வழக்கும் இல்லை. நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு கடிதம் போதும். இந்த வேலைகளிலேயே சீக்கிரம் பலன் தருவது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு புள்ளியிலும் படம் எடுக்கும்போது அளவு தெரிய ஏதாவது ஒன்றை, ஒரு மண்வெட்டியையாவது, வைத்து எடுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஊருணியில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். கேரளத்தில் 1990களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியில் ஊர் மக்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து வள வரைபடம் போட்டார்கள். சர்வே எண் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களே நிலத்தில் இறங்கி நடந்து குறித்ததுதான் அங்கே முக்கியம். அன்றைக்குக் கைப்பேசி கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்மாய்க் கரையில் பத்துக் குடிசைகள் இருக்கும், காலனியில் இடம் போதாமல் வந்தவர்கள். மேலே அரைக் கிலோமீட்டரில் ஒரு பெரிய தோப்பு வரத்துக்காலை விழுங்கியிருக்கும். செயற்கைக்கோள் படத்தில் குடிசைகள் பளிச்சென்று தெரியும். தோப்பு பச்சையாக, இயல்பாகத் தெரியும். வரைபடத்தை அப்படியே மேசையில் போட்டால் நடவடிக்கை குடிசைகள்மீது மட்டும் பாயும். தண்ணீர் வராததற்குக் குடிசை காரணமா, தோப்பு காரணமா என்பதை வரைபடத்திலேயே காட்டவேண்டியது போடுகிறவரின் கடமை. எது நீரோட்டத்தைத் தடுக்கிறதோ அதற்கு ஒரு குறி, வெறுமனே புறம்போக்கில் இருப்பதற்கு வேறு குறி என்று பிரித்துவிடுங்கள். குடியிருப்பு என்றால் மாற்று இடம் பற்றிய வரியும் சேர்ந்தே போகட்டும்.

பட்டாதாரர்களின் பெயரை வரைபடத்தில் எழுதவேண்டாம். பதிவேட்டில் பொதுவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கிராம சபையில் தொங்கவிட்டால் பேச்சு வாய்க்காலை விட்டுவிட்டுப் பங்காளிச் சண்டைக்குப் போய்விடும். சர்வே எண் போதும்.

ஒரு தாள், ஒரு பட்டியல்

இத்தனையும் செய்தபின் கொண்டுபோகவேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று ஏ3 தாளில் ஒரு வரைபடம். கண்மாய், வரத்துக்கால், சாலை, எண் போட்ட புள்ளிகள், ஊருக்குத் தெரிந்த அடையாளங்களான கோயில், பள்ளி, பேருந்து நிறுத்தம் ஆகியவை போதும். வடக்குக் குறியும் அளவுகோலும் தரவின் ஆண்டும் இருக்கட்டும். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் புரியவேண்டும், ஏனென்றால் அலுவலகத்தில் கடைசியில் அப்படித்தான் நகல் எடுப்பார்கள்.

இரண்டாவது பட்டியல். புள்ளி எண், சர்வே எண் மற்றும் உட்பிரிவு, அ-பதிவேட்டில் என்ன, நேரில் என்ன, செய்யவேண்டியது என்ன, யார் செய்யவேண்டும். கடைசிப் பத்தியை இஷ்டத்துக்கு நிரப்பாதீர்கள். குழாய்ப் பாலம் நெடுஞ்சாலைத் துறைக்கு. தூர்வாருவது ஒன்றியத்துக்கு. எல்லை அளப்பது வட்ட நில அளவருக்கு. உங்கள் வரைபடத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை. நில அளவர் வந்து அளந்து அத்துக் காட்டினால்தான் எல்லை எல்லை ஆகும். ஆகவே புறம்போக்கு விஷயத்தில் ‘அகற்றுக’ என்று எழுதாமல் ‘அளந்து எல்லை காட்டுக’ என்று முதலில் கேளுங்கள். அது மறுக்க முடியாத கோரிக்கை.

எப்போது, யாரிடம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் நீர்நிலை பற்றிப் பேச அன்று காது கிடைக்கும். ஆனால் அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வழக்கமாக அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித்தான் பேச்சுக்கு வரும். பணம் ஒதுக்க வேண்டிய வேலை என்றால் அதற்குமுன் தயாராக இருங்கள். கூட்டத்துக்கு முன்பே தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் தாளைக் காட்டிவிடுவது நல்லது. சபையில் திடீரென்று விரித்தால், நம்மைக் குறை சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். முந்தைய வாரமே போய் ‘அண்ணே, இத ஒருதரம் பாத்துச் சொல்லுங்க’ என்று கேட்டிருந்தால், அவரே எழுந்து விளக்குவார்.

தீர்மானத்தில் சர்வே எண்கள் இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள்.

வருவாய்த் துறை சார்ந்தவற்றுக்கு ஜமாபந்தி நல்ல சந்தர்ப்பம். வருவாய்த் துறையின் கணக்காண்டான பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால் பெரும்பாலும் மே, ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். உங்கள் கிராமக் கணக்குகள் மேசையில் திறந்திருக்கும் நாளில், கிராம நிர்வாக அலுவலரும் அங்கேயே இருக்கும்போது, பதிவேடும் களமும் பொருந்தவில்லை என்று மனுக் கொடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அது தவறினால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாள் இருக்கவே இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இணையத்தில் கிடைக்காதவை, அதாவது யுடிஆருக்கு முந்தைய பதிவேடு, பழைய கிராம வரைபடம், கண்மாயின் ஆயக்கட்டுக் கணக்கு, குழாய்ப் பாலத்தின் மதிப்பீடு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ‘ஏன் தூர்வாரவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை. ‘இன்ன கிராமத்தின் இன்ன புல எண்ணுக்கான பழைய அ-பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வரவில்லை என்றால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. முதல் விண்ணப்பத்தின் நகலும் அஞ்சல் ரசீதும் இணைத்தால் போதும்.